மலை ஏறாத வண்டி

மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன் என்று இந்தப் பெண் கேட்கிறாள். பெயரட்டையில் ஹரிப்பிரியா என்று இருக்கிறது. கேள்வியில் ஒரு விஷமமும் இல்லை. கார் வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்பாள் போல. நிறைய ஓடினால் டீசல், கொஞ்சமாக ஓடினால் பெட்ரோல், டவுனுக்குள்ளேயே சுற்றினால் கரண்ட் வண்டி, அதற்குத்தான் கேட்கிறாள். போர்வெல் லாரியில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். திருச்செங்கோட்டில் வண்டி எடுத்தால் ராய்ப்பூரில் போய்த்தான் சரியாகத் தூங்குவேன். ஜபல்பூர், உதய்ப்பூர், பஸ்தர் காடு, எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே அர்த்தநாரி வண்டி நிற்கும் என்று சொல்வார்கள். இப்போது எங்கே போகிறேன்? காலையில் பேக்கரி. சாயங்காலம் போர்வெல் ரிக் ஓனர் சங்கத்துக் கட்டடம், அங்கே என்னைப் போலவே வண்டியை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிற நாலு பேர், சீட்டாட்டம். அமாவாசைக்கு எங்கள் ஊர் மலைக்கோயில். இதைக் கிலோமீட்டரில் எப்படிச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பரவாயில்லை சார், நிதானமாகச் சொல்லுங்கள் என்று சிரித்தாள். என் மகள் வாணியின் வயதுதான் இருக்கும். பக்கத்தில் சம்பூர்ணம் காகிதக் கோப்பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், காபியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், என்ன நினைக்கிறாள் என்று ஆழம் பார்க்க முடியாது. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. நாமக்கல் பைபாஸில் எவ்வளவோ இடம் கிடக்க, கொல்லிமலையைப் பார்த்த மாதிரிதானா ஷோரூம் கட்டவேண்டும்? நேற்றைய மழை கழுவிவிட்டதில் மலை இன்றைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏசி முகத்தில் அடிக்கிறது என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

கார் வாங்குவது என் யோசனை இல்லை. இருக்கிற கார் நன்றாகத்தான் ஓடுகிறது, தாழ்வான கார், அடி கொஞ்சம் தட்டும், அவ்வளவுதான். அந்த அடி தட்டுகிறதை வைத்துத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன். வாணிக்குக் குழந்தை பிறந்தபோது சம்பூர்ணம் கேட்டாள், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று. கொல்லிமலைக் காட்டுப் பாதையில் நம்ம கார் ஏறாது என்றேன். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றாள். மழைக்காலம், அடி தட்டி ஆயில் பாத்திரம் உடைந்தால் நடுக்காட்டில் நிற்கவேண்டியதுதான் என்றேன். அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போன மாதம் தட்டில் தோசையைப் போட்டுவிட்டு நின்றாள். குழந்தைக்குக் காது குத்துகிறார்களாம். வாணிக்கு அண்ணன் தம்பி கிடையாது, உட்கார வைக்கத் தாய்மாமன் மடி இல்லை, அதனால் தாத்தா மடியில்தான் வைத்துக் குத்தவேண்டும் என்று வாணி சொல்கிறாளாம். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே, கார் ஏறாதே என்றேன். சம்பூர்ணம் இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள். பிறகு, ஏறுகிற வண்டியாக ஒன்று வாங்கலாமுங்க என்றாள். இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாம், டிவியில் பார்த்தாளாம், ஆறு, பாறை எல்லாவற்றிலும் ஏறுகிறதாம். ஃபோர் வீல் டிரைவ் என்றால் என்ன என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். அப்போதே மறுத்திருக்கலாம். என்ன காரணம் சொல்லி மறுப்பது? ஏறாது என்று சொல்லித்தானே இத்தனை நாள் இருந்தேன், இப்போது ஏறுகிற வண்டியும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பதைச் சொல்லவேண்டி வரும்.

ஹரிப்பிரியா டீசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இழுவை நன்றாக இருக்கும் சார், மலைக்கு இதுதான். என்னிடம் சொல்கிறாள். நான் டீசலில் பிறந்தவன் என்று சங்கத்தில் கேலி பண்ணுவார்கள். கலப்பட டீசலை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தனி வாளியில்தான் சம்பூர்ணம் ஊறவைப்பாள், எத்தனை தடவை துவைத்தாலும் வாசம் போகாது. வாணிக்கு அந்த வாசம் பிடிக்கும். மாதக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு வருவேன், தாடியும் கல்தூளுமாக, மற்ற பிள்ளைகளாக இருந்தால் பயந்து ஓடும், இவள் ஓடிவந்து சட்டையில் மூக்கை வைத்து அப்பா வாசம் என்பாள். லாரியைக் கழுவ ஏரிப்பக்கம் எடுத்துப்போகும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்வேன். ஸ்டீயரிங் அவளைவிடப் பெரியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான்தான் ஓட்டுகிறேன் என்று கத்துவாள், எதிரே வருகிற சைக்கிள்காரனையெல்லாம் தள்ளிப்போகச் சொல்லுவாள், ஹாரனை அடித்துவிட்டு அவளே பயந்து என் மார்போடு ஒட்டிக்கொள்வாள். அந்தச் சூடு இன்னும் தொடையில் இருக்கிறது. இருக்கட்டும். அதை நினைத்து என்ன செய்ய? இப்போது வருகிற டீசல் வண்டிக்கு அடிக்கடி தூரம் ஓடவேண்டும் சார், டவுனுக்குள்ளேயே ஓட்டினால் புகைக்குழாய் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்கிறாள் ஹரிப்பிரியா. எனக்கு டக்கென்று ஒரு சந்தோஷம். அப்படியானால் டீசல் சரிப்படாது என்றேன். சம்பூர்ணம் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நீங்களா டீசல் வேண்டாம்னு சொல்றீங்க என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள்.

சரி, பெட்ரோல். சத்தம் குறைவு, கியர் தானாக மாறும், கிளட்ச் மிதிக்கவேண்டாம், பெரியவங்களுக்கு முட்டிவலி இருந்தால் சுலபம் என்கிறாள். பெரியவங்க. மலையில் மைலேஜ் கொடுக்காதே என்றேன். ஆமாம் சார், நாலு சக்கரமும் இழுத்தால் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். மேலே பெட்ரோல் பங்க் உண்டா என்றேன். செம்மேட்டில் உண்டு சார், எங்கள் கஸ்டமர் நிறையப் பேர் மேலே போய்வருகிறார்கள் என்றாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. செம்மேடு தாண்டி உள்ளே கடுக்காய்ப்பட்டிக்குப் போகவேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர்ப் பெயரை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவன் சொல்லித்தான் எனக்கு அந்தப் பெயர் தெரியும். வாணியைப் பெண் கேட்டு ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தான், அறப்பளி. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பான். விவசாயம் படித்த பெண்ணை மிளகுக் கொடிக்கு வைத்தியம் பார்க்க மலைக்கு வேலைக்கு அனுப்பினேன், அவள் மலைக்காரனையே பார்த்துக்கொண்டாள். உள்ளே ஜன்னலருகில் வாணி நின்றாள். எனக்குச் சொல்லவேண்டியிருந்தது வேறு வார்த்தை. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், பட்டென்று, நடுவீதியில் நின்று. வாணியின் முகத்தைப் பார்த்ததும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதனால் ரோட்டைக் கேட்டேன். உங்க ஊருக்கு ரோடு இருக்குதா என்றேன். இல்லீங்க, இன்னும் போடலீங்க என்றான். ரோடே இல்லாத ஊருக்குப் பொண்ணுக் குடுக்கற வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன். அவன் சரிங்க என்று சொல்லிக் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். வாதாடியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாணி மறுவாரம் அவனோடு போய்விட்டாள். பங்காளிகள் வந்தார்கள், துக்கம் விசாரிக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்து காபி குடித்தார்கள், நீ தலைமுழுகிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு அர்த்தநாரி, நாங்க இருக்கிறோம் என்றார்கள். நான் சொல்லவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. சம்பந்தம் பண்ண வருகிறவன் நாளைக்கு என்ன கேட்பான், கோயில் காரியத்தில் முதல் மரியாதை யாருக்கு, இதெல்லாம் அவர்களுக்குக் கவலை. எனக்கும்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். அவர்கள் இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள், அந்த இடத்துக்காகத்தான் ரோடு ரோடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று எழுப்பிக் கூட்டிப்போனாள். பெரிய வண்டி, மழையில் நிற்கிற எருமை மாதிரி கறுத்துப் பளபளக்கிறது. கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. இப்படித் திருப்பினால் பின்சக்கரம் மட்டும், இப்படித் திருப்பினால் நாலும், சேற்றுக்குத் தனி, மணலுக்குத் தனி என்று சொல்கிறாள். சேற்றுக்குத் தனியாம். பஸ்தரில் ஒரு மழைக்காலம், ரிக் லாரி அச்சுவரை புதைந்துவிட்டது. திருகு ஏது, மரத்தை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, கூடவே வருகிற கம்ப்ரஸர் லாரியில் சங்கிலி கட்டி இழுத்து, பகல் முழுக்க ஒரு வயலைத் தாண்டினோம். அந்த ஊரில் ரோடு என்கிற வார்த்தையே கிடையாது. அங்கேயும் போய்ப் போர் போட்டோம், தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது, ஊரே நனைந்து ஆடியது, ஒரு கிழவி இலையில் வைத்து ஏதோ கிழங்கு கொடுத்தாள், தின்றேன். யார் வீட்டுக் கிழங்கு, என்ன ஆள் என்று கேட்டேனா? பசி. இந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வாணி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்பாள், ரோடு இல்லாத இடத்துக்கெல்லாம் எங்கப்பா போவார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வருவாள். சம்பூர்ணம் பரிமாறிக்கொண்டே கேட்டவள்தான். அப்படிக் கேட்டவளிடம்தான் கார் ஏறாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒருநாளாவது சிரித்திருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்குப் பதில் ராசிபுரத்தில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அங்கே மாதாமாதம் ஏதோ ஒரு விசேஷம், இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள். வரும்போது மிளகு, மலைவாழை என்று பை நிறைய இருக்கும். அந்த மிளகில் ரசம் வைத்தால் தொண்டைவரைக்கும் மணக்கும். உங்க அக்கா எங்கேதான் வாங்குறாங்களோ என்று போனவாரம்கூடக் கேட்டேன்.

அந்த ஓரத்தில் நிற்கிறதே, அது என்ன என்று கேட்டேன். அது எலக்ட்ரிக் சார், கரண்ட் வண்டி, அதுவும் ஃபோர் வீல் டிரைவ்தான், முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். சார்ஜ் எங்கே போடுவது? வீட்டில் பாயிண்ட் வைத்துத் தருவோம், பைபாஸில் ஸ்டேஷன் இருக்கிறது. மலைமேலே? இப்போதைக்கு மேலே இல்லை சார் என்றாள். அந்த வார்த்தை என் காதில் பாலாக விழுந்தது. மலை ஏறினால் சார்ஜ் இறங்கிவிடுமே என்றேன். ஏறும்போது இறங்கும் சார், ஆனால் கீழே வரும்போது பிரேக் பிடிக்கிற வேகத்தில் பேட்டரி தானாகவே கொஞ்சம் ஏறும், கொல்லிமலைக்கெல்லாம் தாராளமாகப் போய்வரலாம் என்றாள். இதென்னடா வம்பு. மேலே இரண்டு நாள் தங்கி, அங்கே இங்கே சுற்றி, நடுவில் நின்றுவிட்டால் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். அப்படி நின்றால் வண்டியைத் தூக்கித்தான் வரவேண்டும் சார், மலைக்கு அடிக்கடி போகிற மாதிரி இருந்தால் நீங்கள் டீசலே எடுத்துக்கொள்வது நல்லது. இப்படி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மை பேசுகிற பெண்ணை இங்கேதான் பார்க்கிறேன். சங்கத்தில் என்ன சொல்வார்கள்? ரிக்காரன் கரண்ட் வண்டி வாங்கிட்டான் என்று சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், சம்பூர்ணம் கேட்டது அதுதான், வாங்கிக் கொடுத்தாயிற்று. ஏறவும் ஏறும். ஆனால் போகமுடியாது. இப்படி ஒரு வண்டியை எனக்காகவே செய்த மாதிரி இருந்தது. இதையே போடும்மா என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

சம்பூர்ணம் எழுந்து வந்தாள். கோப்பையைக் குப்பைக்கூடையில் போட்டாள், காபி அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "அதையே எழுதிக்க கண்ணு, அவருக்குப் புடிச்சிருக்குது" என்றாள். பிறகு என்னிடம், ஏதோ கடையில் வாங்க மறந்த சாமானைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"கடுக்காய்ப்பட்டிக்கு ரோடு போட்டு ரெண்டு மழை பாத்தாச்சுங்க. தார் ரோடு. ஆட்டோவே வாசல் வரைக்கும் வருது. நம்ம பழைய காரே ஏறும்."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ராசிபுரம் அக்கா வீடு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான் என்றாள். விடிகாலை பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாமாம். வளைவு வளைவாகத் திரும்பும்போது முதலில் வாந்தி வந்ததாம், இப்போது பழகிவிட்டதாம். எனக்கு அந்த ரசத்தின் வாசம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் அவன் வீட்டு மிளகைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறேன். கோபம் வரவேண்டும். வந்தது, எதைப் பிடித்து நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை மனு மேல மனுவா எழுதி வாங்குன ரோடுங்க அது" என்றாள். மாப்பிள்ளை என்று என் முன்னால் அவள் சொன்னதே இல்லை. "ஊருக்கு ரோடு இருக்குதான்னு நீங்க கேட்டீங்கல்ல. அதுக்குத்தான் போட்டாப்ல. நீங்க அந்த ஒண்ணைத்தான் கேட்டீங்கன்னு நம்பிட்டாப்ல, பாவம்."

ஹரிப்பிரியா எதையோ எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள். நான் மெதுவாக, காது குத்து என்றேன். குழந்தையை உட்கார வைக்கவேண்டுமே என்றேன். சம்பூர்ணம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ற மடியில உக்காந்துக்கும். அப்பா வரமாட்டாரு, நீயே உக்காரும்மான்னு வாணி மொதல்லயே சொல்லிட்டா. நாந்தான், ஒருக்காக் கேட்டுப் பாக்கறேன் சாமின்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்தேன். கேட்டாச்சு."

அவ்வளவுதான். அழவில்லை, குரல் உயரவில்லை. திரும்பிப் போய்க் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் மலையைப் பார்த்து நின்றுகொண்டாள். உட்கார்ந்து பாருங்கள் சார், சீட் எப்படி இருக்கிறது என்று ஹரிப்பிரியா வந்து கதவைத் திறந்தாள், நான் ஏறி உட்கார்ந்தேன், வேறு என்ன செய்ய. போகலாம் சம்பூர்ணம், பழைய காரிலேயே இப்போதே போகலாம், இப்படியே வலது பக்கம் திரும்பினால் அடிவாரம் என்று சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். டீசல் போட்டுக்கொண்டுதான் வந்தேன். சொன்னால் அவள் வருவாள், மறுபேச்சுப் பேசமாட்டாள். வாணி வாசலில் நிற்பாள். கீழே விழுந்து கும்பிடுவாளா, மூக்கை மட்டும் சட்டைப்பக்கம் கொண்டுவந்து பார்ப்பாளா? இந்தச் சட்டையில் இப்போது ஒரு வாசமும் இல்லை. மடியில் அந்தக் குழந்தை. போட்டோவில் காது சின்னதாக, வாணிக்கு இருந்த மாதிரியே மடங்கியிருந்தது, சம்பூர்ணம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனபோது பார்த்தேன். மறுநாள் பங்காளிகள். பேக்கரியில் முதலில் எவன் கேட்பான் என்றுகூடத் தெரியும், நல்லதம்பி கேட்பான், பன்னைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, சத்தமாக. வாயைத் திறந்தேன். நல்லதம்பியின் முகம்தான் வந்து நின்றது. மூடிக்கொண்டேன். பெல்ட்டை இழுத்து மாட்டினேன், அது காலியாகக் கிடந்த மடியின்மேல் குறுக்கே விழுந்தது. பட்டனை அமுக்கச் சொன்னாள், அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை, ஒரு அதிர்வும் இல்லை. ஸ்டார்ட் ஆகலையே என்றேன். ஆகிடுச்சு சார், இது இப்படித்தான் இருக்கும் என்றாள். காட்டையே உலுக்குகிற கம்ப்ரஸர் சத்தத்தில் வாழ்ந்தவன் அங்கே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் சம்பூர்ணத்தின் முதுகு. ஹரிப்பிரியா கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று மட்டும் பாக்கி சார், மாதத்துக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை என்றாள்.

"டவுனுக்குள்ள மட்டுந்தான்னு போட்டுக்கம்மா" என்றேன்.